கீழமை நீதிமன்றங்களுக்கு நீதிபதியைத் தேர்ந்தெடுப்பது யார்?

 இந்த அவையில் மூத்த வழக்குரைஞர்கள் இருக்கிறீர்கள், சட்டக் கல்லூரி மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். கோர்ட்டு வழக்கென்று எந்தச் சம்பந்தமும் இல்லாமல், பொதுக் காரியமாயிற்றே என்று வந்து உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர்களையும் பார்க்கிறேன். முக்கியமாக அவர்களுக்குப் புரியும்படி பேச வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருக்கிறேன்.

2023 நவம்பர் 26, அரசமைப்புச் சட்ட நாள். உச்ச நீதிமன்றத்தில் நடந்த விழாவில் பேசிய குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, அகில இந்திய நீதித்துறைப் பணி ஒன்றை உருவாக்கி, நாடெங்கும் உள்ள திறமையான இளைஞர்களை அதன் வழியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றார். ஐஏஎஸ், ஐபிஎஸ் போல நீதிபதிகளுக்கும் ஒரு பணி. நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் இந்த யோசனைக்கு வயது அதிகம். 1958இல் எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் தன் 14ஆம் அறிக்கையில் இதைப் பரிந்துரைத்தது. 1986இல் 116ஆம் அறிக்கை முழுக்க இதற்காகவே எழுதப்பட்டது. 1991இல் அகில இந்திய நீதிபதிகள் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை ஆதரித்தது. 2012இல் மத்திய அரசின் செயலாளர்கள் குழு ஒப்புதல் தந்தது. 2018இல் நிதி ஆயோக் மறுபடி எழுதியது. ஒவ்வொரு முறையும் மாநிலங்களும் உயர் நீதிமன்றங்களும் கருத்துக் கேட்கப்பட்டன. பெரும்பாலானவை வேண்டாம் என்றன. சென்னை உயர் நீதிமன்றமும் வேண்டாம் என்றுதான் சொன்னது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒன்று ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, ஏன் திரும்பத் திரும்ப வேண்டாம் என்கிறார்கள், இரண்டையும் பேச வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரணை நீதிபதியைத் தேர்ந்தெடுப்பவரும் அவரை மேற்பார்வை செய்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். அந்த ஒருவர், அந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றம். தேர்வை தில்லிக்குக் கொண்டுபோனால் இந்தப் பிணைப்பு அறுந்துபோகும். அறுந்தால் பாதிக்கப்படப் போவது நீதிபதி அல்லர், வழக்காடும் சாதாரண ஆள்.

இப்போது என்ன ஏற்பாடு இருக்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 233 முதல் 237 வரையான பிரிவுகள் கீழமை நீதிமன்றங்களைப் பற்றியவை. மாவட்ட நீதிபதியை ஆளுநர் நியமிக்கிறார், ஆனால் உயர் நீதிமன்றத்தைக் கலந்துதான். அதற்குக் கீழே உள்ள உரிமையியல் நீதிபதிகளுக்கு, மாநிலத் தேர்வாணையத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கலந்து விதி வகுக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் அந்தத் தேர்வை டிஎன்பிஎஸ்சி நடத்துகிறது. 235ஆவது பிரிவு, இவர்கள் எல்லோர் மீதுமான கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கிறது.

இந்த ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் எவ்வளவு கவனமாகக் காப்பாற்றியது என்பதற்கு 1966ஆம் ஆண்டே சாட்சி. உத்தரப் பிரதேசத்தில் மாவட்ட நீதிபதிகளை எடுக்க, உயர் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு தேர்வுக் குழுவைப் புகுத்தியிருந்தார்கள். நிர்வாகத் துறையில் இருந்த அதிகாரிகளையும் மாவட்ட நீதிபதி ஆக்க வழி வைத்திருந்தார்கள். சந்திரமோகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளைச் செல்லாது என்றது. அதனால் பல நியமனங்கள் ஆட்டம் கண்டன. அவற்றைக் காப்பாற்ற அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தின் 20ஆம் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த ஆண்டிலேயே மேற்கு வங்கத்தின் நிருபேந்திரநாத் பாக்சி வழக்கில், மாவட்ட நீதிபதி மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் உயர் நீதிமன்றத்துக்கே உரியது என்று தீர்ப்பு வந்தது. கலெக்டரும் அமைச்சரும் நீதிபதியின் பதவி உயர்வையும் இடமாற்றத்தையும் கையில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று அந்த நீதிபதிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அகில இந்திய நீதித்துறைப் பணி என்ற சொற்கள் அரசமைப்புச் சட்டத்துக்குள் எப்போது வந்தன? 1976இல், 42ஆம் திருத்தத்தின் மூலம், 312ஆவது பிரிவில். அப்போது நெருக்கடிநிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான், ஆட்கொணர்வு மனுவைக்கூடக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பு ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கேட்க முடியும் என்று நிமிர்ந்து நின்றிருந்தன. அதே 42ஆம் திருத்தம்தான் கல்வியையும் காடுகளையும், உச்ச, உயர் நீதிமன்றங்கள் நீங்கலான மற்ற நீதிமன்றங்களின் அமைப்பையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஒரு யோசனை எந்தக் காற்றில் சட்டமானது என்பது தெரிந்திருக்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஆதரிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? முதலில் காலியிடம். நாடு முழுவதும் கீழமை நீதிமன்றங்களில் ஏறத்தாழ 25,000 பணியிடங்கள் உள்ளன, அவற்றில் சுமார் 5,000 காலி. மாவட்ட அளவிலும் அதற்குக் கீழும் தேங்கியிருக்கும் வழக்குகள் நான்கு கோடிக்கு மேல். இது கண்முன்னே நடக்கும் கொடுமை. வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி, வழக்குப் போட்டவர் இறந்து, வாரிசுகளைச் சேர்த்து, அவர்களுக்கும் தலை நரைத்துப்போகிற வழக்குகளை இங்கே உள்ள வழக்குரைஞர்கள் எல்லோரும் நடத்தியிருக்கிறோம். ஆகவே காலியிடங்களை நிரப்ப ஒரு வழி என்று யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

கேட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 312ஆவது பிரிவே ஒரு எல்லை வைக்கிறது. மாவட்ட நீதிபதிக்குக் கீழான எந்தப் பதவியும் இந்த அகில இந்தியப் பணியில் வரக்கூடாது. ஆக, உரிமையியல் நீதிபதியும் நீதித்துறை நடுவரும் இதற்குள் வரமாட்டார்கள். சாதாரண மக்கள் முதலில் ஏறும் படி அவர்களுடைய கோர்ட்டுதான். பெருவாரியான வழக்குகள் நடப்பதும் அங்கேதான். மாவட்ட நீதிபதி நிலையிலாவது முழுதும் வருமா என்றால், அதுவும் இல்லை. வழக்குரைஞர்களிலிருந்து நேரடியாக எடுப்பது நான்கில் ஒரு பங்கு. மீதி எல்லாம் கீழே பணியாற்றும் நீதிபதிகளுக்குப் பதவி உயர்வு. அடுக்குகள் பலவற்றில் ஒரே அடுக்கு, அதிலும் கால் பங்கு. அதற்கு ஒரு தேசியத் தேர்வை நடத்தி, காலியிடப் பிரச்சினை தீர்ந்தது என்று எப்படிச் சொல்வது?

மத்தியில் தேர்வு நடத்தினால் இடங்கள் காலியாக இருக்காது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன? ஐஏஎஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ்சி ஆண்டு தவறாமல் தேர்வு நடத்துகிறது. இருந்தும் 2024 தொடக்கத்தில் 6,858 பணியிடங்களில் 1,300க்கு மேல் காலி. கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. கீழமை நீதிமன்றங்களின் நிலையும் அதேதான். உயர் நீதிமன்றங்களைப் பாருங்கள். அங்கே நியமனத்தின் இறுதி முடிவு தில்லியில் நடக்கிறது, உயர் நீதிமன்றம் அனுப்பும் பெயர்களை உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் பரிந்துரைத்து மத்திய அரசு ஆணை வெளியிடுகிறது. 1,122 இடங்களில் சுமார் 300 காலியாகவே இருந்துவருகின்றன.

இடங்கள் காலியாக இருப்பதற்குக் காரணம் தேர்வு நடக்கும் ஊர் அல்ல. தேர்வு உரிய காலத்தில் நடக்காததுதான் காரணம். நம் மாநிலத்தையே சொல்கிறேன். உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு 2019இல் 176 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு 2023இல் 245 இடங்களுக்கு. நடுவே நான்கு ஆண்டுகள். கொரோனா வந்தது உண்மை. ஆனாலும் ஆண்டுதோறும் ஓய்வு பெறுபவர்கள் யார் யார் என்பது அவர்கள் பணியில் சேர்ந்த நாளிலேயே தெரியும். தெரிந்தும் ஆண்டுதோறும் ஆள் எடுக்காவிட்டால் அந்தப் பழியை மாநில அரசும் தேர்வாணையமும் உயர் நீதிமன்றமும்தான் ஏற்க வேண்டும். மாலிக் மஜர் சுல்தான் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம், எந்த மாதம் காலியிடம் கணக்கெடுக்க வேண்டும், எப்போது அறிவிக்க வேண்டும், எப்போது நேர்காணல், எப்போது ஆணை என்று தேதி வாரியாக அட்டவணையே போட்டுக் கொடுத்தது. அதைப் பின்பற்ற எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம்.

அடுத்தது தகுதி. மாநிலத் தேர்வுகளில் தரமான ஆட்கள் கிடைக்கவில்லை என்பார்கள். நம் மாநிலத்து நிகழ்ச்சி ஒன்றையே எடுத்துக்காட்டாகவும் சொல்வார்கள். 2019இல் மாவட்ட நீதிபதி பதவிக்கான முதனிலைத் தேர்வை 3,500க்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். ஒருவர்கூடத் தேறவில்லை. பத்திரிகைகளில் வந்தபோது நாம் தலை குனிந்தோம். அந்தச் செய்தியை நான் ஒதுக்கப் போவதில்லை. ஆனால் அதிலிருந்து என்ன தெரிகிறது என்று நிதானமாக யோசிக்க வேண்டும். எழுதியவர்கள் குறைந்தது ஏழு ஆண்டு வழக்காடியவர்கள். காலையில் கட்டோடு கோர்ட்டுக்குப் போய், மாலையில் கட்சிக்காரரைப் பார்த்து, இரவில் வழக்குரை எழுதுகிறவர்கள். கொள்குறி வினா, தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பு, தடித்த சட்டப் புத்தகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து கேள்வி என்றால், நல்ல வழக்குரைஞர்தான் முதலில் விழுவார். அவர் குறுக்கு விசாரணை செய்வதை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் தகுதி, அந்தத் தாளில் தெரியாது. தில்லியில் நடத்தும் தேர்வு இதைவிடப் பெரிய கூட்டத்தை வடிகட்ட வேண்டியிருக்கும். அதனால் இந்த வகைக் கேள்விகள்தான் இன்னும் கூடுமே தவிரக் குறையாது. பயிற்சி மையத்தில் இரண்டு ஆண்டு உட்கார வசதி உள்ளவர் தேறுவார். செஷன்ஸ் நீதிபதி தூக்குத் தண்டனை விதிக்கும் அதிகாரம் உள்ளவர். அந்த நாற்காலிக்கு வேண்டியது கோர்ட்டில் கழித்த ஆண்டுகள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், அடிமட்டத்து உரிமையியல் நீதிபதிக்கே மூன்று ஆண்டு வழக்காடிய அனுபவம் வேண்டும் என்று திரும்பவும் கட்டாயமாக்கியது இந்தக் காரணத்தால்தான்.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான விஷயம்.

மாவட்ட நீதிபதி முன் பாகப்பிரிவினை வழக்கு ஒன்று நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழமை நீதிமன்றத்தில் அன்றாடம் நடப்பதுதான். வாதி ஒரு வயதான அம்மா. அண்ணன் தம்பிகள் மேல் வழக்கு. கூண்டில் ஏறி நிற்கிறார். எதிர்த்தரப்பு வழக்குரைஞர் குறுக்கு விசாரணை செய்கிறார்.

“ஏம்மா, கல்யாணத்தப்ப உங்க அப்பா உங்களுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாருல்ல?”

“செஞ்சாருங்க. போட வேண்டியதப் போட்டாங்க. குறை சொல்லக் கூடாது.”

வழக்குரைஞர் அடுத்த கேள்விக்குப் போகாமல் நீதிபதியைப் பார்க்கிறார். ‘எனக்குரிய பங்கைத் திருமணத்தின்போதே பெற்றுக்கொண்டேன்’ என்று பதிவு செய்ய வேண்டும் என்கிறார். தட்டச்சர் விரலை வைத்துக் காத்திருக்கிறார். அந்தப் பேச்சில் வளர்ந்த நீதிபதி கையைக் காட்டி நிறுத்துகிறார். “என்னம்மா போட்டாங்க?” “நகைதாங்கய்யா. காடு கழனி ஒண்ணும் எழுதிக் கொடுக்கல.” இப்போது பதிவாவது வேறு வாக்கியம்: ‘திருமணத்தின்போது நகை போட்டார்கள். நிலத்தில் பங்கு தரவில்லை.’

அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு குடும்பத்தின் நிலம் கிடக்கிறது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் பார்க்கப்போவது காகிதத்தை மட்டுமே. அந்த அம்மாவை மறுபடி யாரும் கூண்டில் ஏற்றப்போவதில்லை. சாட்சி சொல்லும்போது அவர் தயங்கினாரா, பயந்தாரா, யாரையாவது திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாரா என்பதைக்கூட நீதிபதி குறித்து வைக்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18ஆம் கட்டளை சொல்கிறது. மேலே உள்ள நீதிபதிகள் அந்தக் குறிப்புக்கு மதிப்புத் தருவது, பார்த்தவர் சொல்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக.

அந்த அம்மாவின் வழக்கில் இன்னொன்றும் உண்டு. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் கொண்டுவந்தது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் திருமணம் ஆனவர்களுக்கு அது இல்லை. பிறகு 2005இல் மத்தியச் சட்டம் வந்து அந்த வேறுபாட்டை நீக்கியது. கேரளம் 1975லேயே கூட்டுக்குடும்பத்தை ஒழித்துவிட்டது. ஆந்திரத்துக்கு ஒரு தேதி, கர்நாடகத்துக்கு ஒரு தேதி. நிலத்தைப் பற்றிய வழக்கு என்றால் பட்டா, சிட்டா, அடங்கல், நத்தம், புறம்போக்கு என்று வரும். தஞ்சைப் பக்கம் மா, வேலிக் கணக்கு வரும். கன்னியாகுமரியில் 1956க்கு முந்தைய பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். குத்தகைதாரருக்குத் தனிச் சட்டம், வாடகைதாரருக்குத் தனிச் சட்டம், எல்லாம் இந்த மாநிலத்துச் சட்டமன்றம் இயற்றியது. அதனால்தான் நம் உரிமையியல் நீதிபதி தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்று ஒரு தாளே வைத்து, சாட்சி வாக்குமூலத்தையும் பத்திரத்தையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றச் சொல்கிறார்கள்.

ஐஏஎஸ் அதிகாரிகள் வேறு மாநிலத்திலிருந்து வந்து தமிழ் கற்றுக்கொள்வதில்லையா என்று கேட்பார்கள். கற்றுக்கொள்கிறார்கள். பீகாரிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்து, தமிழில் குறைதீர் நாள் நடத்தி மக்கள் மனத்தில் இடம் பிடித்த ஆட்சியர்களை நாம் பார்த்திருக்கிறோம், வணங்குகிறேன். ஆனால் ஆட்சியருக்குப் பக்கத்தில் தாசில்தார் இருக்கிறார், வருவாய் ஆய்வாளர் இருக்கிறார். ஒரு கோப்பு புரியாவிட்டால் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்கலாம். உயர் நீதிமன்ற நீதிபதிகள் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றப்படுகிறார்களே என்றால், அங்கே நடைமுறை ஆங்கிலத்தில், ஆவணங்கள் மொழிபெயர்த்து வருகின்றன. கூண்டில் நிற்கிறவரின் வாய்ச்சொல்லை அங்கேயே, அப்போதே எடை போட வேண்டியவர் விசாரணை நீதிபதி மட்டும்தான். கீழமை நீதிமன்றத்தின் மொழி எது என்று தீர்மானிக்கும் உரிமையை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 137ஆவது பிரிவு மாநில அரசுக்குத்தான் தந்திருக்கிறது. 1976இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, கீழமை நீதிமன்றங்களில் தமிழை நாம் கொண்டுவந்தது அந்த உரிமையை வைத்துத்தான்.

இட ஒதுக்கீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகில இந்தியப் பணி வந்தால் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கும் நீதித்துறையில் உறுதியான இடம் கிடைக்கும் என்கிறார்கள். அவர்களைப் புறந்தள்ள எனக்கு மனம் இல்லை. பல மாநிலங்களில் நீதிபதிகளின் பட்டியலைப் பார்த்தால் அந்தக் கோபம் நியாயம் என்று தெரியும். ஆனால் 69 விழுக்காடு ஒதுக்கீடு உள்ள தமிழ்நாட்டுக்கு அது இறங்குமுகம். அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு, சீர்மரபினர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், தமிழ்வழியில் படித்தவர்கள் என்று நாம் படிப்படியாகச் சேர்த்தது எதுவும் மத்திய ஒதுக்கீட்டில் தனிப் பிரிவாக இல்லை. ஒதுக்கீடு குறைவாக உள்ள மாநிலங்கள், தங்கள் உயர் நீதிமன்றத்தோடு பேசி விதியைத் திருத்தட்டும். 2000ஆம் ஆண்டு பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி அதுதான்: உயர் நீதிமன்றத்தைக் கலந்து செய்யுங்கள் என்றது.

மற்ற கூட்டாட்சி நாடுகளில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் மாநில நீதிபதிகள் மாநிலத்தின் வேலை. ஜெர்மனியில் தகுதிக்கான சட்டம் நாடு முழுக்க ஒன்று, ஆனால் விசாரணை நீதிபதிகளை அந்தந்த மாநிலம் எடுத்துக்கொள்கிறது. கனடாவின் கதைதான் நமக்குப் பாடம். அங்கே மாகாணங்களின் மேல்நிலை நீதிமன்ற நீதிபதிகளை மத்திய அரசே நியமிக்கிறது. பார்த்தீர்களா, மத்தியில்தானே நடக்கிறது என்பார்கள். ஆனால் 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 98ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். கியூபெக் நீதிமன்றங்களின் நீதிபதிகளை அந்த மாகாணத்து வழக்குரைஞர்களிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அங்கே மக்கள் பேசுவது பிரெஞ்சு, உரிமையியல் சட்டமும் தனி. நியமன ஆணையில் கையெழுத்துப் போடும் கை ஒட்டாவாவில் இருந்தாலும், நீதிபதி அந்த மண்ணிலிருந்தே வர வேண்டும் என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே புரிந்துகொண்டிருக்கிறார்கள். பிரேசில் சமீபத்தில் ஒரு நடுவழி கண்டது. 2024 முதல் நீதிபதியாக விரும்புகிறவர்கள் எல்லோரும் ஒரு தேசியத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஆனால் அதில் வாங்கும் மதிப்பெண்ணுக்கு வரிசை கிடையாது. அதன் பிறகு அந்தந்த மாநில நீதிமன்றம் தன் சொந்தத் தேர்வை நடத்தி ஆளை எடுக்கிறது. தரத்தில் ஒரு குறைந்தபட்ச அளவு நாடு முழுக்க வேண்டும் என்றால் இதுபோல எதையாவது பேசலாம், நான் தயார்.

மத்திய அரசு உதவ நினைத்தால் வழி இல்லாமல் இல்லை. நீதிமன்றக் கட்டடங்களுக்கும் நீதிபதிகளின் குடியிருப்புக்கும் மத்திய நிதி தரும் திட்டம் 1993 முதல் இருக்கிறது. அதைப் பல மடங்கு பெருக்கலாம். நீதிபதியை நியமித்தும் கோர்ட் ஹால் இல்லாமல் வாடகைக் கட்டடத்தில் உட்கார வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் உள்ளன. சுருக்கெழுத்தர் இல்லை, பெஞ்ச் கிளார்க் பற்றாக்குறை, சம்மன் கொண்டுபோக ஆள் போதாது. புது நீதிபதியைக் கொண்டுவந்து உட்கார வைப்பதற்கு முன் இவர்களைக் கொடுத்தால் பழைய நீதிபதியே இரண்டு மடங்கு வழக்கை முடிப்பார்.

கடைசியாக இந்தக் கூட்டத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். 312ஆவது பிரிவின்படி இந்தப் பணியை உருவாக்க முதலில் மாநிலங்களவையில் தீர்மானம் நிறைவேற வேண்டும், வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். அதற்குப் பிறகு நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் சட்டம் இயற்றினால் போதும். 233 முதலான பிரிவுகளை அந்தச் சட்டம் மாற்றினாலும் அது அரசமைப்புத் திருத்தமாகக் கருதப்படாது என்று அதே பிரிவு சொல்கிறது. எந்தச் சட்டமன்றத்தையும் கேட்க வேண்டியதில்லை. மாநிலங்களுக்கு இருக்கும் ஒரே கதவு மாநிலங்களவை. தமிழ்நாட்டிலிருந்து அங்கே 18 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு வழக்குரைஞர் சங்கமும் அந்தப் பதினெட்டுப் பேருக்கும், கட்சி பார்க்காமல், தன் நிலைப்பாட்டை எழுத்தில் அனுப்ப வேண்டும். இரண்டாவது, அதைவிடக் கடினமானது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில், நம் மாநிலத்தில் எத்தனை நீதிபதி இடங்கள் காலி, தேர்வு அறிவிப்பு எந்தத் தேதியில் வரும் என்று உயர் நீதிமன்றத்திடமும் அரசிடமும் தேர்வாணையத்திடமும் மனுப் போட்டுக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பிப்ரவரியில் மறுபடி கேளுங்கள். இங்கே வந்திருக்கும் மாணவர்கள் அந்த மனுவை எழுத முன்வந்தால், நான் உடன் உட்கார்ந்து எழுதத் தயாராக இருக்கிறேன்.